சாட்ஸ்வர்த் மாளிகையும் சுற்றுவட்டாரமும்: ஒரே நாளில் முறையாகப் பார்க்க முழு வழிகாட்டி

இங்கிலாந்தின் டெர்பிஷயர் மாவட்டத்தில், டெர்வென்ட் ஆற்றங்கரையில் இருக்கிறது சாட்ஸ்வர்த். வருகிறவர்களில் பெரும்பாலோர் காலையில் கார் நிறுத்துமிடத்தில் இறங்கி நேரே மாளிகைக்குள் நுழைகிறார்கள். இரண்டு மணி நேரம் கூரை ஓவியங்களை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலியோடு வெளியே வருகிறார்கள். உணவகத்தில் வரிசையில் நின்று சாப்பிட்டு, தோட்டத்து நீரூற்றின் முன் ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். மாளிகைக்குப் பின்னால் உள்ள மலைக்காடும், எதிர்க்கரைப் புல்வெளியும், இடம் மாற்றிக் கட்டப்பட்ட எடன்சர் என்ற ஊரும் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. இவை எல்லாவற்றையும் இலவசமாகவே பார்க்கலாம்.

ஷெஃபீல்டில் குடியிருப்பதால், ஊரிலிருந்து வரும் உறவினர்களை இங்கே அழைத்துப்போகும் பொறுப்பு என் தலையில்தான் விழும். யார் எங்கே சோர்ந்து உட்காருகிறார்கள், எதைத் தவறவிட்டுப் பிறகு வருந்துகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து வகுத்துக்கொண்ட வரிசை இது. அடிப்படை ஒன்றுதான்: மாளிகையின் முகப்பு மேற்கு நோக்கியது, மலை அதற்குக் கிழக்கே. ஆகவே காலையில் மலை, நண்பகலில் மாளிகை, மாலையில் எதிர்க்கரை.

1. நாளைத் தேர்ந்தெடுங்கள்

ஜனவரி தொடக்கத்திலிருந்து மார்ச் மாதம் பாதி வரை மாளிகை பொதுவாக மூடியிருக்கும். குளிர்கால விடுமுறையில் வந்து கதவைப் பார்த்துத் திரும்பியவர்கள் உண்டு. நவம்பர், டிசம்பரில் கிறிஸ்துமஸ் அலங்காரத்தோடு திறந்திருக்கும். ஆனால் அப்போது கூட்டம் அதிகம், மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். மலையும் மாளிகையும் ஊரும் சேர்ந்து ஒரு நாளில் அடங்காது.

மே முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை ஏற்ற காலம். அதிலும் வார நாளே நல்லது. மே மாதக் குதிரைப் போட்டி, கோடையின் கடைசியில் நடக்கும் கிராமியத் திருவிழா ஆகிய நாட்களில் பூங்கா முழுவதும் கூடாரமாகிவிடும், நுழைவு விதிகளும் மாறும். மாளிகையின் இணையதளத்தில் நாட்காட்டியைப் பார்க்காமல் ரயில் டிக்கெட் எடுக்காதீர்கள்.

திங்கட்கிழமையாக இருந்தால் இன்னொன்றையும் யோசியுங்கள். ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பேக்வெல் ஊரில் அன்று சந்தை. சந்தை பார்க்க ஆசை இருந்தால் அது வசதி, இல்லையென்றால் வண்டி நிறுத்த இடம் தேடி அலைய நேரும்.

2. டிக்கெட்: எதற்குக் காசு, எதற்கு இல்லை

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடுவோம். சாட்ஸ்வர்த், பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குச் சொந்தமானது அன்று. டெவன்ஷயர் பிரபுக்களான கேவண்டிஷ் குடும்பத்தார் இன்றும் அங்கே வசிக்கிறார்கள், பார்வையாளர் பகுதியை 1981-ல் அமைக்கப்பட்ட தனி அறக்கட்டளை நடத்துகிறது. நேஷனல் டிரஸ்ட் உறுப்பினர் அட்டையை நீட்டினால் புன்னகையோடு திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அந்த அட்டையை வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டு அடையும் ஏமாற்றத்தை வாசலில் நின்றால் தினமும் பார்க்கலாம்.

மாளிகைக்கும் தோட்டத்துக்கும் சேர்த்து ஒரு டிக்கெட், தோட்டத்துக்கு மட்டும் ஒன்று, குழந்தைகளுக்கான பண்ணைக்கும் விளையாட்டுத் திடலுக்கும் வேறொன்று. பூங்காவில் நடக்கவும், மலைக்காட்டில் ஏறவும், எடன்சர் ஊரைச் சுற்றவும் டிக்கெட் வேண்டாம். காரில் வந்தால் வண்டி நிறுத்தக் கட்டணம் உண்டு.

மாளிகை டிக்கெட்டில் நுழைவு நேரம் குறிக்கப்பட்டிருக்கும். பகல் பன்னிரண்டரை மணியை ஒட்டிய நேரத்தை எடுங்கள். சுற்றுலாப் பஸ்கள் காலையில் வந்து குவியும், பகலில் அந்தக் கூட்டம் உணவகத்துக்கு நகரும். நீங்கள் நுழையும்போது அறைகளில் மூச்சுவிட இடம் இருக்கும். இதைவிடத் தாமதமாக எடுத்தால் தோட்டத்துக்கு நேரம் போதாது.

3. முன்னேற்பாடுகள்

சேறு தாங்கும் காலணி முதல் தேவை. கோடையிலும் காட்டுப் பாதையில் ஈரம் இருக்கும். செருப்பிலும் புதுக் காலணியிலும் வருகிறவர்களின் நாள் மலையடிவாரத்திலேயே முடிந்துவிடுகிறது. பட்டுச் சேலையில் படம் எடுத்துக்கொள்ள விரும்பும் அத்தைமார்களைத் தடுக்க வேண்டாம். சேலைக்குக் கீழே நடைக்காலணி போட்டுக்கொண்டால் போதும், படத்தில் தெரியாது.

மெல்லிய மழைச்சட்டை ஒன்று கொண்டுபோங்கள். மலை மேல் காற்று குடையைத் திருப்பிப்போடும்.

கைப்பேசியில் வரைபடத்தை வீட்டிலேயே பதிவிறக்கிக்கொள்ளுங்கள், பள்ளத்தாக்கில் சிக்னல் பல இடங்களில் இருக்காது. காகித வரைபடம் விரும்புபவர்களுக்கு பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் ஓஎல் 24 என்ற தாள் இந்தப் பகுதிக்கு உரியது.

பெரிய முதுகுப்பை வேண்டாம். குறுகிய இடங்களில் பையோடு திரும்பும்போது நூற்றாண்டுப் பழமையான பீங்கானில் இடிக்கும் என்பதால் ஊழியர்கள் அதை முன்பக்கம் மாட்டச் சொல்வார்கள்.

4. போய்ச் சேருதல்

லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்திலிருந்து ரயிலில் செஸ்டர்ஃபீல்ட் அல்லது ஷெஃபீல்ட், சுமார் இரண்டு மணி நேரம். மூன்று முதல் ஒன்பது பேர் வரை சேர்ந்து போனால், நெரிசல் நேரம் தவிர்த்த டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும் குழுச் சலுகை உண்டு, கேட்டு வாங்குங்கள். இரண்டு ஊர்களிலிருந்தும், பூங்காவுக்கு வடக்கே உள்ள பாஸ்லோ என்ற ஊர் வழியாக பேக்வெல் போகும் பஸ் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை அட்டவணை வேறு. கடைசி பஸ் நேரத்தைப் போகும்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சில பஸ்கள் மாளிகை வரையே போகும். உடம்பில் தெம்பு இருப்பவர்களுக்கு என் ஆலோசனை, பாஸ்லோவில் நெதர் எண்ட் நிறுத்தத்தில் இறங்குவது. அங்கிருந்து சிறிய ஓடையைத் தாண்டி, வைக்கோல் கூரை வேய்ந்த குடிசைகளை ஒட்டி நடந்தால் பூங்காவின் வடக்கு வாசல் வரும். சக்கர நாற்காலியும் நுழையும் அளவுக்கு அகலமான சுழல் கதவு அது. அதைக் கடந்ததும் திறந்த புல்வெளி. மாளிகை இரண்டரை கிலோமீட்டர், தரை பெரும்பாலும் சமம்.

இந்த நடைக்கு ஒரு காரணம் உண்டு. மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே மாளிகை எப்படி அமர்ந்திருக்கிறது என்பது நடந்து வரும்போதுதான் பிடிபடும். கார் நிறுத்துமிடத்தில் இறங்கினால் சுவர் மட்டும்தான் முதலில் தெரியும்.

பூங்காவில் ஆடுகள் தாராளமாக மேயும். குட்டி போடும் வசந்த காலத்தில் அவற்றின் அருகே போகாதீர்கள், தாய் ஆடு குட்டியை விட்டு ஓடிவிடக்கூடும். மான்களையும் தூரத்திலிருந்தே பாருங்கள். கடந்த கதவை மூடிவிட்டுப் போவது இந்த நாட்டுப்புறத்தின் எழுதப்படாத சட்டம்.

5. முதலில் மலை ஏறுங்கள்

பழைய குதிரை லாயக் கட்டடத்துக்குப் பின்னாலிருந்து ஸ்டேண்ட் வுட் என்னும் மலைக்காட்டுக்குப் பாதை தொடங்குகிறது. கழிப்பறை லாயத்திலேயே இருக்கிறது, ஏறும் முன் போய்விடுங்கள். மேலே ஒன்றும் கிடையாது.

பாதை இரண்டு வகை. செங்குத்தான படிகள் சீக்கிரம் கொண்டுபோய்விடும், மூட்டு வலி உள்ளவர்களுக்கு ஆகாது. சுற்றி வரும் வண்டித்தடம் நீளம், ஆனால் சீரான ஏற்றம். பெரியவர்கள் இருந்தால் ஏறும்போதும் இறங்கும்போதும் வண்டித்தடமே சரி. ஈரப் படியில் இறங்குவதுதான் அதிகம் வழுக்கும்.

அரை மணி, முக்கால் மணி நேரத்தில் ஹன்டிங் டவர் வரும். 1580-களில் எழுந்த, நான்கு மூலையிலும் வட்டக் கோபுரம் வைத்த கட்டடம். உள்ளே போக முயலாதீர்கள், அது இப்போது விடுமுறைக்கு வாடகைக்கு விடப்படும் வீடு. கதவைத் தட்டினால் யாராவது காலைச் சிற்றுண்டியோடு எட்டிப் பார்ப்பார்கள். அதன் முன்னால் நின்று மேற்கே பாருங்கள். காலை வெயில் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் பள்ளத்தாக்கு முழுவதும் தெளிவாகத் தெரியும்: காலடியில் மாளிகைக் கூரை, அதற்கப்பால் ஆறு, பாலம், எடன்சர் தேவாலயக் கூம்பு. பிற்பகலில் வந்தால் வெயில் கண்ணில் அடிக்கும், எல்லாம் மங்கலாகிவிடும்.

பலர் கோபுரத்தோடு திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து சிறிது தூரத்தில் எம்பரர் ஏரி இருக்கிறது. அமைதியான நீர்ப்பரப்பு, ஓரத்தில் சில வாத்துகள், அவ்வளவுதான். ஆனால் கீழே தோட்டத்தில் நீங்கள் பார்க்கப்போகும் பெரிய நீரூற்றுக்கு உயிர் கொடுப்பது இதுதான். மேட்டுநிலத்து நீரைக் கால்வாய் வெட்டி இங்கே தேக்கி, நூறு மீட்டருக்கும் மேற்பட்ட இறக்கத்தில் குழாய் வழியே விடுகிறார்கள். பம்பு கிடையாது, மேலிருந்து இறங்கும் நீரின் அழுத்தமே அதைப் பீய்ச்சுகிறது. ஏரியைப் பார்க்காமல் நீரூற்றைப் பார்த்தால் அது வெறும் தண்ணீர்.

இறங்கும் வழியில் மரங்களுக்கிடையே, பாழடைந்த ரோமானியக் கட்டுமானம்போல வேண்டுமென்றே கட்டிய நீர்வழிப் பாலம் ஒன்று வரும். அதன் உடைந்த முனையிலிருந்து தண்ணீர் அருவியாகக் கீழே விழும். மழை பெய்த மறுநாள் வந்தால் நல்ல காட்சி.

6. சாப்பாடு

பன்னிரண்டுக்கு முன்பே சாப்பிட்டுவிடுங்கள். லாயத்து உணவகங்களில் அதற்குப் பிறகு வரிசை நீளும், உங்கள் நுழைவு நேரம் தவறும். பூங்காவில் புல்தரையில் அமர்ந்து சாப்பிடத் தடையில்லை. புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போவதே மேல். தயிர் சாதத்தைத் தூக்குவாளியில் கொண்டுவந்த எங்கள் சித்தப்பாவைச் சுற்றி ஆடுகள் கூடிவிட்டன. அவற்றுக்கு எதுவும் போடக்கூடாது.

7. மாளிகைக்குள்

வழி ஒரே திசையில் போகும். தவறவிட்ட அறைக்குக் கூட்டத்தை எதிர்த்துத் திரும்புவது கடினம், ஆகவே எங்கே நிற்க வேண்டும் என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். படி ஏற முடியாதவர்கள் இருந்தால் மின்தூக்கி வசதியை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

முதலில் வரும் ஓவியக் கூடத்திலேயே எல்லோரும் நெடுநேரம் நின்றுவிடுகிறார்கள். சுவரிலும் கூரையிலும் ஜூலியஸ் சீசரின் வாழ்க்கை, வரைந்தவர் லூயி லகேர். பத்து நிமிடம் போதும். இதைவிட நல்லவை மேலே இருக்கின்றன.

மாடியில் அரசரும் அரசியும் வந்து தங்குவார்கள் என்று எதிர்பார்த்துக் கட்டிய அறைகள் வரிசையாக வரும். எதிர்பார்த்த விருந்தாளிகளான மூன்றாம் வில்லியமும் மேரியும் வரவேயில்லை. இங்கே வெளிச்சம் மங்கலாக இருக்கும், சன்னல் திரைகள் பாதி இறக்கியே இருக்கும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறார்கள் என்று என்னிடம் சொன்னவர் உண்டு. உண்மையில் வெயில் பட்டால் துணியும் சித்திரத்துணிகளும் சாயம் வெளுக்கும். கண் பழக ஒரு நிமிடம் கொடுங்கள். படம் எடுத்தால் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள்.

இசை அறையில் நடையை நிறுத்துங்கள். பாதி திறந்த கதவுக்குப் பின்னால் இன்னொரு கதவு, அதில் வெள்ளிக் கொக்கியில் ஒரு வயலின் தொங்கும். அது வயலின் அன்று, கதவில் தீட்டிய ஓவியம். யான் வான் டெர் வார்ட் என்பவர் வரைந்தது. வயலினின் நிழல், வில்லின் நிழல், கொக்கியின் மினுமினுப்பு எல்லாம் தூரிகை வேலை. நேராகப் பார்த்து நடப்பவர்கள் வெறும் கதவு என்று கடந்துவிடுகிறார்கள். ஒரு பக்கம் நகர்ந்து பாருங்கள், வயலினுக்கும் அதன் நிழலுக்கும் உள்ள இடைவெளி மாறாது. அப்போதுதான் ஏமாற்று வெளிப்படும்.

நூலகத்தை வாசலிலிருந்து மட்டும் பார்க்கலாம். சாப்பாட்டு அறையை வேகமாகக் கடக்கலாம்.

மிச்சம் வைத்த நேரத்தைச் சிற்பக் கூடத்தில் செலவிடுங்கள். ஆறாம் டெவன்ஷயர் பிரபு கட்டிய கூடம், மேலிருந்து வெளிச்சம் வரும்படி கூரையில் கண்ணாடி. இத்தாலியச் சிற்பி கனோவா செதுக்கிய, கிரேக்கப் புராணத்தில் வரும் உறங்கும் எண்டிமியனும், காலடியில் விழித்திருக்கும் அவன் நாயும் இங்கே. ரஃபயெல்லே மோன்டி செதுக்கிய முக்காட்டுப் பெண்ணைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். பளிங்கைத் துணியாக்கி, அந்தத் துணிக்குள் மூக்கும் உதடும் தெரியும்படி செய்திருக்கிறார். பெரிய சிங்கங்கள் இரண்டும் ரோமில் போப் ஒருவரின் கல்லறையில் கனோவா வைத்த சிங்கங்களின் நகல்கள். ஒன்று தூங்குகிறது, ஒன்று விழித்திருக்கிறது.

வழி கடையில் போய் முடியும். அங்கே இப்போது எதுவும் வாங்காதீர்கள், தோட்டம் முழுவதும் சுமக்க வேண்டியிருக்கும்.

8. தோட்டம்: தெற்கே போய் மேலே சுற்றி வாருங்கள்

தோட்டம் 105 ஏக்கர். கண்ட திசையில் நடந்தால் கால் ஓய்ந்துவிடும். முதலில் தெற்குப் பக்கம் நீண்ட குளத்துக்குப் போங்கள். எம்பரர் நீரூற்று அங்கேதான். ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கலஸ் வருவார் என்று 1844-ல் தோட்டத் தலைவர் ஜோசஃப் பாக்ஸ்டன் ஏரி வெட்டிக் குழாய் பதித்து முடித்தார். பேரரசர் வரவில்லை. (விருந்தாளி விஷயத்தில் இந்த வீட்டுக்கு ராசி கம்மி.) நீர் 90 மீட்டர் உயரம் வரை எழுந்ததாகப் பதிவு. நாள் முழுவதும் ஓடாது, பலத்த காற்றிலும் நிறுத்திவிடுவார்கள். ஓடும் நேரத்தை நுழைவிடத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து பாறைத் தோட்டம். மலையிலிருந்து பெருங்கற்களைக் கொண்டுவந்து அடுக்கிப் பாக்ஸ்டன் எழுப்பியது. அருகில் செடிகளுக்கு நடுவே உலோகத்தால் செய்த வில்லோ மரம் ஒன்று நிற்கும். நிஜ மரம் என்று குழந்தைகள் கிட்டப் போனால் கிளைகளிலிருந்து தண்ணீர் பீய்ச்சும். கேமராவை உள்ளே வைத்துவிட்டுப் போங்கள்.

யூ மரப் புதிர்வேலி இருக்கும் இடத்தில் முன்பு பாக்ஸ்டனின் மாபெரும் கண்ணாடி மாளிகை இருந்தது. சூடேற்றக் கட்டுப்படியாகாமல் 1920-ல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். இந்தத் தோட்டத்தில் 1830-களில் மொரீஷியஸ் வழியாக வந்த வாழை ஒன்றைப் பாக்ஸ்டன் காய்க்க வைத்தார், அதற்கு வீட்டுக்காரரின் குடும்பப் பெயரான கேவண்டிஷ் சூட்டப்பட்டது. நம் தேனி, திருச்சி வயல்களில் ஜி-9 என்று குலை தள்ளும் வாழையும் கேவண்டிஷ் வகைதான். நம்மவர்கள் இதைக் கேட்டதும் மற்ற எல்லாவற்றையும் மறந்துவிடுகிறார்கள்.

கடைசியாகப் படி அருவி. அதன் உச்சியில் இருக்கும் சிறு மண்டபத்துக்கு மேல் பாதையில் போய் அங்கிருந்து கீழே இறங்குங்கள். அடியில் நின்று பார்த்துவிட்டுப் பிறகு ஏறுபவர்கள் பாதியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். மொத்தம் 24 படித் தொகுதிகள், ஒவ்வொன்றும் அளவில் வேறு, அதனால் நீரோசையும் இடத்துக்கு இடம் மாறும். கசிவு காரணமாக அண்மைக் காலத்தில் நீர் நிறுத்தப்பட்டுச் சீரமைப்பு ஏற்பாடுகள் தொடங்கின. தண்ணீர் விடுகிறார்களா என்று கிளம்பும் முன் பாருங்கள்.

9. பாலம் தாண்டி எடன்சர்

நான்கு மணிக்கு மேல் தோட்டத்தை விட்டு வெளியே வந்து, ஜேம்ஸ் பெய்ன் கட்டிய கல் பாலத்தைக் கடந்து புல்வெளியில் ஏறுங்கள். திரும்பிப் பாருங்கள். மேற்கு முகப்பின் சன்னல் சட்டங்களுக்குத் தங்க ரேக் ஒட்டியிருக்கிறார்கள், சாயும் வெயில் நேரே அதில் விழும் வேளை இது. காலையில் இதே இடத்திலிருந்து எடுத்த படங்களில் முகப்பு நிழலாகவே இருக்கும்.

பதினைந்து நிமிட நடையில் எடன்சர். வழி கேட்கும்போது ‘என்ஸர்’ என்று சொல்லுங்கள், எழுத்துப்படி சொன்னால் புரியாமல் விழிப்பார்கள். பழைய ஊரின் ஒரு பகுதி மாளிகையிலிருந்து பார்த்தால் தெரிந்தது. பிரபுவின் பார்வைக்கு அது உறுத்தலாக இருக்கவே, 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஊரைச் சற்று தள்ளிப் புதிதாகக் கட்டினார்கள். எஞ்சிய பழைய வீடு ஒன்று சாலைக்கு எதிர்ப்புறம் தனியே நிற்கிறது. புது ஊரில் ஒரு வீடு போல இன்னொன்று இல்லை. கதவு, சன்னல் சட்டங்களின் நீல வண்ணம் மட்டும் பொது. அந்த நீலம் எங்கே தென்பட்டாலும் அது சாட்ஸ்வர்த் பண்ணையின் வீடு என்று எண்ணிக்கொள்ளலாம். உள்ளே மக்கள் குடியிருக்கிறார்கள், தோட்டத்துக்குள் நுழைந்து படம் எடுக்காதீர்கள்.

தேவாலயத்துக்குப் பின்னால் கல்லறைத் தோட்டம் சரிவாக ஏறுகிறது. பாக்ஸ்டன் இங்கேதான் இருக்கிறார். மேல் வரிசையில் கேவண்டிஷ் குடும்பத்தார். அவர்களில் ஒருவர், அமெரிக்க அதிபர் கென்னடியின் தங்கை கேத்லீன். 1948-ல் விமான விபத்தில் இறந்தவர். 1963-ல் கென்னடி வந்து போனதைச் சிறிய கல்வெட்டு ஒன்று சொல்கிறது.

10. திரும்புவதும், மறுநாள் கிடைத்தால்

எடன்சர் சாலையோரத்திலேயே பஸ் நிற்கும், மாளிகைக்குத் திரும்பி நடக்க வேண்டாம். ஆனால் எல்லா வழித்தடமும் இங்கே வராது. நீங்கள் எழுதி வைத்த நேரத்துக்குக் கால் மணி முன்பே நில்லுங்கள். தவறவிட்டால் பாஸ்லோவுக்கு நடந்து வேறு வழித்தடத்தைப் பிடிக்கலாம்.

இரவு தங்குவதாக இருந்தால் பேக்வெல் வசதி. அந்த ஊர்ப் பெயரில் விற்கும் புட்டிங்கில் பாதாமும் முட்டையும் சேர்த்திருக்கும், சைவம் பார்க்கிறவர்கள் கேட்டு வாங்குங்கள். மறுநாள் அருகிலுள்ள ஹாடன் ஹால் போகலாம். தனியார் மாளிகை, அங்கேயும் நேஷனல் டிரஸ்ட் அட்டை செல்லாது. அட்டைக்குப் பயன் வேண்டும் என்பவர்கள் செஸ்டர்ஃபீல்டுக்குத் தென்கிழக்கே உள்ள ஹார்ட்விக் ஹால் போங்கள். அதுவும் முன்பு இதே கேவண்டிஷ் குடும்பத்துடையதுதான், 1959-ல் நேஷனல் டிரஸ்ட் கைக்குப் போய்விட்டது. பேக்வெலிலிருந்து நேரடிப் பஸ்ஸை நம்ப வேண்டாம், கார் இருந்தால்தான் அது ஒரு நாளில் கட்டுப்படியாகும்.